உடம்புக் காயத்துக்கு ஆஸ்பத்திரி. மனக்காயத்துக்கு மூடிய கதவா?

இரவு மணி இரண்டு. சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். ஊர் அடங்கிவிட்டது. ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஒரு பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் பிள்ளைகள் இரண்டும் தூங்குகின்றன.

அவள் பட்டாசுத் தொழிலாளி. ஆறு மாதத்துக்கு முன்பு அவள் வேலை பார்த்த இடத்தில் வெடி விபத்து நடந்தது. அவளுடைய அறையில் இருந்த மற்ற மூன்று பேரும் போய்விட்டார்கள். அவள் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தாள். அதனால் தப்பினாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

"இருக்கன்குடி மாரியாத்தா காப்பாத்தினா" என்றார்கள் ஊரில். "பாக்கியசாலி" என்றார்கள். பொங்கல் வைத்துக் கும்பிட்டும் வந்தாயிற்று.

ஆனால் அன்று முதல் அவளுக்குத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் புகை தெரிகிறது. குக்கர் விசில் அடித்தால் கையில் இருக்கும் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறாள். ரோட்டில் டயர் வெடித்தால் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். செத்துப்போன மூவரின் வீட்டுத் தெரு வழியாகப் போவதே இல்லை. "நான் ஏன் தப்பினேன்?" என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாள்.

"ஏ தாயி, நடந்தது நடந்துபோச்சு. இன்னும் அதையே நினைச்சிக்கிட்டிருந்தா எப்படி?" என்கிறாள் மாமியார். அன்போடுதான் சொல்கிறாள். வேறு என்ன சொல்வது என்று அவளுக்கும் தெரியவில்லை.

இது பெயர் சொல்லி எழுதக்கூடிய ஒருத்தியின் கதை அல்ல. பட்டாசு வட்டாரத்தில் எந்த ஊரிலும், எந்தத் தெருவிலும் நடக்கக்கூடியது.

கணக்கில் வராதவர்கள்

விருதுநகர் மாவட்டத்தில் மழை குறைவு. மானாவாரி விவசாயத்தை நம்பி வாழ முடியாத பூமி. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அதன் பின்னால் பட்டாசு வந்தது. இன்று இந்தியா வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி இந்த வட்டாரத்திலிருந்துதான் போகிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் பக்கமெல்லாம் காலையில் ஆள் ஏற்றிப் போகும் வேன்களைப் பார்க்கலாம். குழாய் ஒட்டுவது, திரி வைப்பது, சரம் பின்னுவது, பெட்டி போடுவது என்று எல்லாவற்றிலும் பெண்கள் கை இருக்கிறது.

தொழில் சோறு போடுகிறது. தொழில் உயிரையும் கேட்கிறது.

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் சுமார் 40 பேர் மாண்டார்கள். உதவிக்கு ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12-ந் தேதி அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் பலி. 2023 அக்டோபர் 17-ந் தேதி ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் ஒரே நாளில் 14 பேர். 2024 மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1-ந் தேதி சின்னக்காமன்பட்டி. இன்னும் சிறிய விபத்துக்கள் எத்தனையோ!

ஒவ்வொரு முறையும் பத்திரிகையில் இரண்டு எண்கள் வரும். இறந்தவர் இத்தனை பேர். காயம் பட்டவர் இத்தனை பேர்.

மூன்றாவது எண் ஒன்று உண்டு. அது எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை. அதே தொழிற்சாலையில் வேறு அறையில் இருந்து ஓடித் தப்பியவர்கள். உடல்களை அள்ளிப் போட்ட இளைஞர்கள். முகம் தெரியாமல் கருகிக் கிடந்தவளைக் கொலுசை வைத்து அடையாளம் சொன்ன தங்கை. பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்த பிள்ளை. இவர்களுக்கும் காயம்தான். ஆனால் ரத்தம் வராத காயம்.

தீக்காயம் பட்டவரைத் தூக்கிக்கொண்டு ஊரே சிவகாசி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறது. ஆம்புலன்ஸ் வருகிறது. அங்கே தீக்காயத்துக்கென்று வார்டு இருக்கிறது. முடியாவிட்டால் மதுரைக்கு அனுப்புகிறார்கள். யாரும் அதை மறைப்பதில்லை. வெட்கப்படுவதும் இல்லை.

மனதில் காயம் பட்டவளை மட்டும் ஏன் வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்த வேண்டும்?

"கோட்டி" என்ற சொல்

தென் மாவட்டங்களில் "கோட்டி" என்று ஒரு சொல் உண்டு. விளையாட்டுக்கும் சொல்வார்கள். "போடா கோட்டிக்காரா" என்று நண்பன் நண்பனைச் சொன்னால் இருவருமே சிரித்துக்கொள்வார்கள். அதே சொல் ஒரு வீட்டின் மேல் விழுந்தால் சிரிப்பு நின்றுவிடும்.

"அந்த வீட்டிலயா பொண்ணு எடுக்கப்போறீங்க? அவ ஆத்தாவுக்குக் கோட்டியாமே!"

இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் குடும்பங்கள் நடுங்குகின்றன. அதனால்தான் நோயாளியை விட நோயின் பெயரை அதிகமாக மறைக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டுத் தெரிந்த முகம் இல்லாத தூரத்து ஊருக்கு வைத்தியத்துக்குப் போவார்கள். கேட்டால் "தலைவலிக்குக் காட்டப் போனோம்" என்பார்கள். மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பார்கள். சம்பந்தி வீட்டார் வந்தால் அன்றைக்கு மாத்திரையே கிடையாது!

இதில் ஒரு வேடிக்கை. அதே ஊரில் "பயந்த கோளாறு" என்று இன்னொரு பெயரும் இருக்கிறது. பெரிய பயம் ஒன்று மனிதனை நோயாளி ஆக்கிவிடும் என்று பாட்டிமார்களுக்குத் தெரியும். அதற்காகத் திருநீறு போடுவார்கள், மந்திரிப்பார்கள். "பயந்த கோளாறு" என்று சொன்னால் யாருக்கும் அவமானம் இல்லை. டாக்டரிடம் போனால்தான் அது "கோட்டி" ஆகிவிடுகிறது! உண்மையில் டாக்டர்கள் சொல்வதற்கு மிக அருகில் இருப்பது பாட்டிகள் வைத்த பெயர்தான்.

குண்டுச் சத்தமும் கோழைப் பட்டமும்

வெடிச் சத்தம் மனதைக் காயப்படுத்தும் என்று உலகம் முதலில் பெரிய அளவில் கண்டது போர்க்களத்தில். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகள் பக்கத்தில் வெடிக்க வெடிக்க, உடம்பில் காயமே இல்லாத சிப்பாய்கள் நடுங்கினார்கள். பேச்சு வராமல் போனது. நடக்க முடியாமல் போனது. "குண்டு அதிர்ச்சி" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

பெயர் வைத்தும் என்ன பயன்? "கோழை" என்றும் பட்டம் கட்டினார்கள். போர்முனையை விட்டு ஓடியதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும் பிரிட்டிஷ் ராணுவத்தில் 306 பேரைத் தன் படையே சுட்டுக் கொன்றது. அவர்களில் சிலர் மனம் உடைந்த நோயாளிகள். 2006-ல்தான் பிரிட்டன் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கியது. தொண்ணூறு வருஷம் கழித்து! ராணுவத்துக்கே புத்தி வர அவ்வளவு காலம் ஆயிற்று என்றால், ஒரு கிராமத்து மாமியாரை மட்டும் குறை சொல்வது நியாயம் அல்ல.

வியட்நாம் போருக்குப் பின் 1980-ல் அமெரிக்க மனநல டாக்டர்கள் இந்த நோயைத் தங்கள் நூலில் முறையாகச் சேர்த்தார்கள். அது என்ன நோய்?

ஆபத்து வந்தால் உடம்பு தானாகவே விழித்துக்கொள்கிறது. நெஞ்சு படபடக்கிறது. வியர்க்கிறது. கால் ஓடத் தயாராகிறது. ஆபத்து போன பிறகு உடம்பு அமைதியாக வேண்டும். சிலருக்கு அந்தக் காவல் நிற்பதில்லை. திருடன் போன பிறகும் நாய் குரைத்துக்கொண்டே இருப்பது போல, உடம்பு இரவும் பகலும் விழித்துக்கொண்டே இருக்கிறது. தூக்கம் போகிறது. கெட்ட கனவு வருகிறது. நடந்தது மறுபடி மறுபடி கண் முன் நிற்கிறது. சிலர் மரத்துப்போனவர் போல ஆகிவிடுகிறார்கள். பிள்ளை அழுதாலும் மனம் அசையாது.

விபத்து நடந்த முதல் சில வாரங்களில் இப்படி இருந்தால் அது நோய் அல்ல. யாராக இருந்தாலும் அப்படித்தான் இருக்கும். பக்கத்தில் ஆள், வேளைக்குச் சோறு, கொஞ்சம் தூக்கம், பேசினால் கேட்க ஒரு காது இருந்தால் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். ஒரு மாதம் கடந்தும் குறையவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். எந்த நேரமும் துக்கம், எதிலும் பிடிப்பு இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனாலும் பார்க்க வேண்டும். "செத்துப்போனால் தேவலை" என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

அப்படிப் பேசுகிறவரிடம், "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிட்டது ஆகாதா என்று பலர் பயப்படுகிறார்கள். ஆகாது. கேட்கப்பட்டவருக்குப் பாரம் இறங்குகிறது.

வெடி மட்டும்தான் காரணம் என்பதும் இல்லை. 2018 அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்தது. சரவெடி கூடாது, பேரியம் உப்புக் கூடாது, பசுமைப் பட்டாசு மட்டுமே செய்யலாம் என்றது. அதன் பிறகு தொழிற்சாலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. வாரச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அது என்ன பாடு என்று சொல்ல வேண்டியதில்லை. வட்டிக்காரன் வாசலில் நின்றால் யாருக்குத் தூக்கம் வரும்?

ஆண்கள் நிலை இன்னும் மோசம். பெண்ணாவது அடுத்த வீட்டு மதினியிடம் ஒரு வார்த்தை சொல்லி அழுவாள். ஆண் அழக்கூடாது என்று சிறுவயதிலேயே சொல்லி வளர்த்தாயிற்று. அவன் மதுக்கடைக்குப் போகிறான். முதலில் தூக்கத்துக்காகக் குடிக்கிறான். பிறகு குடிக்காமல் தூங்க முடிவதில்லை. ஊர் அவனைக் "குடிகாரன்" என்கிறது. அவன் எப்போது குடிக்க ஆரம்பித்தான், எந்த விபத்துக்குப் பிறகு ஆரம்பித்தான் என்று யாரும் கேட்பதில்லை.

இந்தியாவில் 2022-ம் வருஷம் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். நாடு முழுவதற்குமான கணக்கில் நாலில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள்.

நான்கு பேர் உள்ள அறை

மறைப்பதால் வரும் இன்னோர் ஆபத்து பட்டாசு வட்டாரத்துக்கே உரியது.

பட்டாசுத் தொழிற்சாலையில் ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. மருந்துக் கலவைக்கு உரசலும் ஆகாது, அதிர்ச்சியும் ஆகாது. கை நிதானமாக இருக்க வேண்டும். கவனம் சிதறக் கூடாது.

பத்து நாளாகத் தூங்காத ஒருவன் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். கை நடுங்குகிறது. சின்னச் சத்தத்துக்கும் துள்ளி எழுகிறான். அவன் தன் நோயை மறைக்கிறான். சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். போர்மேனுக்குத் தெரியாது. பக்கத்தில் இருக்கும் மூன்று பேருக்கும் தெரியாது. அவன் ஒருவன் மறைத்ததற்கு நான்கு வீடுகள் விலை கொடுக்க நேரலாம்.

அவன்மேல் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. சொன்னால் வேலை போகும் என்ற நிலைமை இருக்கும் வரையில் எவனும் சொல்ல மாட்டான். "கொஞ்ச நாளைக்கு மருந்து அறை வேண்டாம், காகிதக் குழாய் ஒட்டு, லேபிள் ஒட்டு, பெட்டி போடு, கூலி குறையாது" என்று முதலாளி சொல்ல முன்வந்தால் மறைத்து வைக்கும் அவசியமே இருக்காது. டாக்டரிடமும் "நான் பட்டாசு வேலை பார்க்கிறேன்" என்று மறக்காமல் சொல்ல வேண்டும். மயக்கம் தராத மருந்தாக, தூங்கப் போகும் நேரத்துக்கு ஏற்றதாக அவர் பார்த்துக் கொடுப்பார்.

"அந்த மாத்திரையைத் தின்றால் பழகிவிடும், ஆயுள் முழுவதும் விடாது" என்று ஒரு பேச்சு இருக்கிறது. சில தூக்க மாத்திரைகள் பழகிவிடும் என்பது உண்மை. அவற்றை டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் கடையில் வாங்கித் தின்னக் கூடாது. மனச்சோர்வுக்குத் தரும் மருந்துகள் அந்த வகை அல்ல. அவை வேலை செய்ய இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதற்குள் "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்துகிறார்கள். கொஞ்சம் குணமானதும் "சரியாகிவிட்டது" என்றும் நிறுத்துகிறார்கள். இரண்டும் தவறு. குணமான பிறகும் சில மாதம் சாப்பிட்டு, டாக்டர் சொன்னபடி மெல்லக் குறைத்துத்தான் விட வேண்டும். மருந்தே இல்லாமல் பேச்சு வைத்தியத்தால் குணமாகிறவர்களும் பலர்.

கோடாங்கியும் டாக்டரும்

தூக்கம் கெட்டால் ஊரில் முதலில் போவது கோடாங்கியிடம். உடுக்கை அடித்துக் குறி சொல்வார். "செத்தவ ஆவி பிடிச்சிருக்கு" என்பார். வேப்பிலை அடிப்பார்கள்.

கோயிலுக்குப் போவதை எந்த நல்ல டாக்டரும் தடுப்பதில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் டாக்டர்கள் தென்னாட்டுக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைக் கவனித்து 2002-ல் எழுதினார்கள். விசேஷ மந்திரம் ஒன்றும் இல்லாமலே, சில வாரம் அமைதியாகத் தங்கிச் சிறு சிறு வேலை செய்ததில் அவர்கள் நோய்க் குறி ஐந்தில் ஒரு பங்கு அளவு குறைந்திருந்தது. அன்பான இடத்துக்கு அந்தச் சக்தி உண்டு. மீதிக்கு மருந்து வேண்டியிருக்கலாம்.

சாமி கும்பிடுவதில் தவறில்லை. அடிப்பதும், பட்டினி போடுவதும், சங்கிலியால் கட்டுவதும்தான் தவறு.

சங்கிலி என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு ஒரு முறை பார்த்துவிட்டது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவின் புகழால் அங்கே பல ஊர்களிலிருந்தும் மனநோயாளிகளைக் கொண்டுபோய் விடுவார்கள். அவர்களை வைத்துப் பராமரிப்பதாகச் சொல்லித் தனியார் விடுதிகள் பல நடந்தன. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில் அப்படிப்பட்ட ஒரு விடுதியின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே 40 பேருக்கு மேல் இருந்தார்கள். பலருடைய காலில் சங்கிலி. ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள்.

அவர்களைக் கட்டிப்போட்ட விடுதிக்காரர்களை நாடே திட்டியது. சரிதான். ஆனால் அவர்களை அங்கே விட்டுவிட்டுப் போனவர்கள் யார்? அப்பா, அண்ணன், மாமன். கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. "வீட்டில் வைத்திருந்தால் தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகாது" என்று பயந்தவர்கள்.

அந்தத் தீக்குப் பிறகு விடுதிகள் மூடப்பட்டன. சுப்ரீம் கோர்ட்டு தானே வழக்கை எடுத்துக்கொண்டது. இப்போது ஏர்வாடியில் தொழுகையோடு மருந்தும் கிடைக்கும்படி அரசாங்கம் ஏற்பாடு செய்திருக்கிறது. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை எந்த விதத்திலும் கூடாது என்று தடை செய்துவிட்டது. வைத்தியம் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்றும் அதே சட்டம் சொல்கிறது.

இன்னொன்றையும் அந்தச் சட்டம் மாற்றியது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும்; அவரைத் தண்டிக்கக் கூடாது; வைத்தியம் தருவது அரசாங்கத்தின் கடமை. "போலீஸ் கேசாகிவிடும்" என்று பயந்து உயிருக்குப் போராடுகிறவரை வீட்டிலேயே வைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மர பெஞ்சில் பாட்டிகள்

மறைக்கும் பழக்கம் தமிழ்நாட்டுக்கு மட்டும் சொந்தம் அல்ல. அமெரிக்காவில் கறுப்பின மக்களிடையேயும் இதே கதைதான். "ஜெபம் செய், சரியாகும்", "வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது" என்று அங்கேயும் சொல்வார்கள். அடிமைத்தனத்தையே தாங்கியவர்களின் பிள்ளைகள், இதைத் தாங்க முடியாதா என்ற கேள்வி வேறு. பேபே மூர் கேம்ப்பெல் என்ற கறுப்பின நாவலாசிரியை அந்த மௌனத்தை உடைக்கப் பாடுபட்டார். அவர் 2006-ல் மறைந்தார். 2008-ல் அமெரிக்க நாடாளுமன்ற மக்கள் சபை ஜூலை மாதத்தை அவர் பெயரால் சிறுபான்மை மக்களின் மனநல மாதமாக அறிவித்தது.

ஆப்பிரிக்காவில் உள்ள ஜிம்பாப்வேயில் நடந்தது இன்னும் சுவையானது. டிக்சன் சிபாண்டா என்ற டாக்டரின் நோயாளிப் பெண் ஒருத்தி தற்கொலை செய்துகொண்டாள். ஏன் முன்பே வரவில்லை என்று தாயைக் கேட்டார். பஸ்ஸுக்குக் காசு இல்லை என்றாள் தாய். டாக்டருக்கு அது நெஞ்சில் தைத்தது. அந்த நாட்டில் மனநல டாக்டர்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். பாட்டிகள் நிறைய இருந்தார்கள்!

2006-ல் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலையத்து வளாகத்தில் ஒரு மர பெஞ்சு போட்டார். மனம் நொந்தவர்கள் வந்து உட்கார்ந்து பாட்டியிடம் பேச வேண்டியது. பாட்டி கேட்பாள். எந்தக் கஷ்டத்தை முதலில் தீர்க்கலாம் என்று இருவருமாக யோசிப்பார்கள். நோய் முற்றியவரைப் பாட்டி டாக்டரிடம் அனுப்புவாள். அங்கே யாரும் "மனநோய்" என்று சொல்வதில்லை. அந்த ஊர்ப் பாஷையில் "அதிகமாக யோசிப்பது" என்று பொருள்படும் ஒரு சொல்லைத்தான் சொல்கிறார்கள். சாத்தூர்ப் பக்கத்து மாமியார் சொல்வதும் அதுதானே?

முறையாகச் சோதித்துப் பார்த்த முடிவு 2016-ல் வெளியானது. ஆறு மாதம் கழித்து, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 50 பேருக்கு மனச்சோர்வு இருந்தது. பாட்டி பெஞ்சில் உட்கார்ந்து போனவர்களில் 100-க்கு 14 பேருக்குத்தான் இருந்தது.

விருதுநகர் மாவட்டத்தில் பாட்டிகளுக்கும் பஞ்சம் இல்லை, வேப்பமரத்துக்கும் பஞ்சம் இல்லை.

செய்ய வேண்டியது

வைத்தியமே கிடைக்காத இடம் அல்ல இது. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாடு முழுவதும் நடக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருந்துக்குக் காசு இல்லை. இருந்தும் போகிறவர்கள் குறைவு. 2015-16-ல் நாடு முழுவதும் நடந்த மனநலக் கணக்கெடுப்பில், மனநோய் உள்ளவர்களில் 100-க்கு 70 பேருக்கு மேல் வைத்தியம் பெறவில்லை என்று தெரிந்தது.

கூச்சம் ஒரு காரணம். கூலி இன்னொரு காரணம். அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்குவது காலை நேரம். வேன் வருவதும் அதே காலை நேரம். டாக்டரைப் பார்த்தால் ஒரு நாள் கூலி போகும். துணைக்கு வருகிறவரின் கூலியும் போகும். தொழிலாளிக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. மாதத்தில் இரண்டு ஞாயிறாவது சிவகாசியிலும் சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் மனநல டாக்டர் உட்கார்ந்தால் எத்தனையோ பேர் வருவார்கள். அதற்கு "மனநோய்ப் பிரிவு" என்று பெரிய போர்டு எழுதி வைக்கக் கூடாது! "தூக்கம், தலைவலி, பயம், குடி" என்று எழுதினால் போதும். ஊருக்குப் புரியும், வருகிறவர்களுக்கும் தலை குனிய வேண்டியது இராது.

விபத்து நடந்தால் கலெக்டர் வருகிறார், மந்திரி வருகிறார். நிவாரணத் தொகை வருகிறது. அந்த ஜீப்பிலேயே ஒரு மனநல ஆலோசகரும் வர வேண்டும். இறந்தவர் பட்டியலோடு, பிழைத்தவர் பட்டியலும் எடுக்க வேண்டும். அன்று வேலைக்கு வந்தவர்கள் யார் யார் என்று தொழிற்சாலை வருகைப் பதிவிலேயே இருக்கிறது. ஒரு வாரம் கழித்து ஒரு முறை, ஒரு மாதம் கழித்து ஒரு முறை, அடுத்த தீபாவளிக்கு முன் ஒரு முறை அந்த வீடுகளுக்குப் போய்க் கேட்க வேண்டும். தீபாவளியை விட்டுவிடக் கூடாது. நாடு முழுவதும் சந்தோஷமாக வெடிக்கும் அந்த ராத்திரி, தப்பிப் பிழைத்தவளுக்கு எப்படி இருக்கும்!

2021 ஆகஸ்டு முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" என்று சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை போகிறது. மாத்திரை கொடுக்கிற அதே அக்கா "ராத்திரி தூங்குறீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். ஊர்க்காரி கேட்டால் ஊர்க்காரி பதில் சொல்வாள்.

பிள்ளைகளை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். தாயை வெடியில் பறிகொடுத்த பிள்ளை பெரியவர்களைப் போலப் புலம்பாது. திடீரென்று படுக்கையில் சிறுநீர் போகும். வயிற்றுவலி என்று பள்ளிக்கு வராது. முதல் மார்க்கு வாங்கியது கடைசிப் பெஞ்சுக்குப் போகும். அதை அடித்துத் திருத்த முடியாது.

வீட்டார் செய்வது இன்னும் எளிது. "மறந்துவிடு" என்று சொல்லாமல் "சொல்லு, கேட்கிறேன்" என்று சொல்லலாம். தனியாகப் போகக் கூசுகிறவளோடு ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகலாம். பக்கத்து வீட்டுக்காரி அவளை அங்கே பார்த்துவிட்டால் "நீயும் இங்கேயா?" என்று கேட்காமல் இருக்கலாம்.

அதற்கும் முன்னால் ஒரு போன். 2022 அக்டோபர் 10-ந் தேதி மத்திய அரசாங்கம் "டெலி மானஸ்" என்ற சேவையைத் தொடங்கியது. எண் 14416. காசு இல்லை. தமிழில் பேசலாம். இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பார்கள்.